ஒயில் கசிவும் வினைப்பயனும்

வாகனம் கறாச்சிலிருந்து வீடு வருகிறது. பின் அக்சிலுக்குப் புது ஒயில் சீல் போட்டாயிற்று. இரண்டு கிழமை போக, ரயரின் உட்பக்கத்தில் மறுபடி கறுப்பாக ஒயில் வழிகிறது. திரும்பவும் சீல் மாற்றுகிறார்கள், திரும்பவும் கசிகிறது. மூன்றாம் முறை வீட்டில் பேச்சு வேறாகிவிடும். "கண்ணூறு பட்டிருக்கு" என்பார் ஒருவர். "சனி பார்க்குது, வித்துப்போடு" என்பார் இன்னொருவர்.

யாழ்ப்பாணத்தில் புது வாகனம் கோயில் வாசலில் அர்ச்சனை முடித்து, சில்லால் எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் ஓடத் தொடங்குகிறது. அது பழுதாகும்போது கேள்வி கடவுளிடம் போவது இயல்பு. அந்தக் கேள்வியை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. செய்ய வேண்டியதை எல்லாம் செய்தும் ஒரு காரியம் ஏன் சரிவரவில்லை? மனித முயற்சி எதுவரை, விதி எங்கிருந்து? சைவர்கள் நூற்றாண்டுகளாகக் கேட்டுவரும் கேள்விதான் இது.

கொழும்புத்துறையில் இதைக் கேட்பதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. கடல்நீரேரிக் கரையில் உப்புக் காற்று இரும்பை அரிக்கும் ஊர் அது. யோகர் சுவாமிகள் வாழ்ந்த ஊரும் அதுவே. 1872இல் மாவிட்டபுரத்தில் பிறந்து, கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களக் களஞ்சியக் காப்பாளராக வேலை பார்த்தவர், நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமிகளைக் குருவாகக் கண்டார். பிறகு 1964இல் மறையும் வரை கொழும்புத்துறையில் ஒரு குடிலே அவருக்கு இருப்பிடம். தீங்கென்று ஒன்றுமில்லை, யாவும் முன்னரே முடிந்தவை, அனைத்தும் மெய், நமக்கு ஒன்றும் தெரியாது என்ற கருத்தில் குருவிடம் கேட்ட நான்கு வாசகங்களை அவர் வழி யாழ்ப்பாணம் முழுதும் அறியும். முன்னரே முடிந்துவிட்டதென்றால் இன்னொரு சீல் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். அந்தக் கேள்வியோடு முதலில் வாகனத்தின் அடியில் குனிந்து பார்ப்பது நல்லது.

அக்சில் கூட்டுக்குள் கியர் ஒயில் இருக்கிறது. சுழலும் தண்டின்மேல் ரப்பர் உதடு ஒன்று, மெல்லிய சுருள் கம்பியின் அழுத்தத்தில் ஒட்டி நிற்கிறது. அதுதான் சீல். ஓட ஓட ஒயில் சூடாகும், உள்ளே உள்ள காற்று விரியும். அந்தக் காற்று வெளியேறக் கூட்டின் மேற்பக்கம் சிறிய துளை உண்டு, பிறீதர் என்பார்கள். புழுதியும் சேறும் அதை அடைத்துவிட்டால் காற்றுக்குப் போக வழியில்லை. அது ஒயிலைச் சீலின் உதட்டுக்கூடாகத் தள்ளும், எத்தனை புதுச் சீல் போட்டாலும் தள்ளும். பழைய சீல் வருடக்கணக்காக உரசிய இடத்தில் தண்டில் பள்ளம் விழுந்திருக்கலாம். அப்போது புதுச் சீலும் அதே பள்ளத்தில்தான் போய் உட்காரும். பெயாரிங் தேய்ந்து தண்டு ஆடினால் உதடு ஒரு பக்கம் விலகும். ஒயிலை அளவுக்கு மேல் ஊற்றினாலும் கசியும். கண்ணுக்குத் தெரிவது சீல் ஒன்றுதான், எனவே அதையே மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

காரணத்தைத் தேடுவது சைவத்துக்கும் புதிதல்ல. மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் 12 சூத்திரங்களில் தந்த சிவஞானபோதம் காரணத்தில் இல்லாதது காரியத்தில் தோன்றாது என்ற நிலையில் நிற்பது. சற்காரியவாதம் என்று அதற்குப் பெயர். முதல், துணை, நிமித்தம் என்று மூன்று காரணங்களைச் சைவ சித்தாந்தம் பிரித்துப் பார்க்கும். குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். வினைக் கோட்பாடு இதே ஒழுங்கை மனிதரின் இன்ப துன்பங்களுக்கு நீட்டியது. பருப்பொருள்களால் வந்து சேரும் துன்பத்தை ஆதிபௌதிகம் என்று தனியாகவே வகுத்தது. காரணமில்லாமல் ஒன்றும் நடப்பதில்லை என்பதே அதன் உயிர்நாடி. அப்படியிருக்க, காரணத்தைத் தேடாமல் விடுவதற்கு விதியைத் துணைக்கு அழைப்பவர் சைவத்தைக் கைவிடுகிறார்.

ஜப்பானில் ரொயோட்டா நிறுவனத்தின் தைச்சி ஓனோ இந்தத் தேடலை ஒரு முறையாகவே ஆக்கினார். அவர் காட்டிய உதாரணம் பிரபலம். இயந்திரம் நின்றது, ஃபியூஸ் எரிந்ததால். ஃபியூஸ் எரிந்தது, பெயாரிங்குக்கு ஒயில் போதாமல் சுமை கூடியதால். ஒயில் போகவில்லை, பம்ப் இழுக்காததால். பம்ப் இழுக்கவில்லை, அதன் தண்டு தேய்ந்ததால். தண்டு தேய்ந்தது, வடி இல்லாமல் இரும்புத் தூள் உள்ளே போனதால். ஃபியூஸை மட்டும் மாற்றியிருந்தால் இயந்திரம் மறுபடி நின்றிருக்கும்.

விதி என்று சொல்லிச் சோர்ந்துபோக யாருக்காவது நியாயம் இருந்ததென்றால், 1990க்குப் பிந்திய யாழ்ப்பாணத்து மக்களுக்கு இருந்தது. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. ஆனாலும் ஒஸ்ரின் ஏ-40களும் மொறிஸ் மைனர்களும் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்று அறிந்து, சில துளி பெற்றோலில் எஞ்சினைத் தொடக்கிச் சூடேற்றி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். அதே மக்கள் நல்லூர்க் கோயிலுக்கும் போனார்கள், தேரும் இழுத்தார்கள். அவர்களுடைய நம்பிக்கை கைகளைக் கட்டிப்போடவில்லை.

யோகர் சுவாமிகளின் கடைசிக் காலமும் இதையே காட்டுகிறது. 1961இல் அவருடைய வள்ளி என்ற பசு முட்டி அவரது இடுப்பெலும்பு முறிந்தது. எல்லாம் முன்னரே முடிந்ததென்று போதித்தவர் மாதக்கணக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார், பிறகு சக்கர நாற்காலியில் நடமாடினார். ஏற்றுக்கொள்ளுதலும் வைத்தியமும் அவரிடம் ஒன்றோடொன்று மோதவில்லை. தேடலை முடித்த பிறகு வருகிற ஏற்பே ஏற்பு. தேடாமல் வருவது அலுப்பு.

இதில் இன்னொன்று கூடுதல் கனமானது. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்ற மூவகை வினைகளில் ஆகாமியம் இப்போது புதிதாகச் சேர்வது. கசியும் ஒயில் பிறேக் டிரமுக்குள் இறங்கினால் பிறேக் சூ நனைந்து அந்தச் சில்லு பிடிக்காது, வாகனம் ஒரு பக்கம் இழுக்கும். அடிப்பக்கத்தைக் கழுவித் துடைத்து, ராசியில்லாத வாகனத்தைத் தலைமுழுகினோம் என்று விற்பவர் வேறொரு குடும்பத்தை அந்த ஆபத்தில் ஏற்றி அனுப்புகிறார். சனி பார்த்ததோ இல்லையோ, இந்த வினை அவருடையதே.

ஆகவே அடுத்த சீலுக்குக் காசு கொடுக்கும் முன் பிறீதரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சீல் உட்காரும் இடத்தில் தண்டை நகத்தால் தடவிப் பாருங்கள், பெயாரிங்கை ஆட்டிப் பாருங்கள். அதன் பிறகும் விற்கத்தான் வேண்டுமென்றால், வாங்க வருகிறவரிடம் கசிவைச் சொல்லி விலையைக் குறைத்துக் கொடுங்கள்.