ஒருவர்க்கும் உரியதல்லாத நிலம்

சொத்தைப் பொதுவாக்கிவிட்டால் ‘எனது’ என்னும் எண்ணம் மனத்தை விட்டு நீங்குமா? இவ்வினா எமக்குப் புதியதன்று. இளமையில் யாம் மிஷன் பாடசாலையிற் கற்ற காலத்தில், ஆதிக் கிறிஸ்தவர்கள் தங்கள் காணிகளை விற்றுப் பொதுவில் வைத்து அநுபவித்த வரலாற்றையும், அனனியா என்பவன் விற்ற காணியின் கிரயத்தில் ஒரு பங்கை ஒளித்தமையால் விழுந்திறந்த கதையையும் வேதபாட வகுப்பிற் படித்தோம். பிறர் யாது நினைத்தனரோ அறியோம். எமது அநுதாபம் அனனியாவின் பக்கமே இருந்தது. யாழ்ப்பாணத்திற் பிறந்தவனுக்குக் காணி என்பது இலேசான சங்கதியா?

சென்ற தை மாதத்தில் தலயாத்திரையாகத் தமிழ்நாடு சென்றபோது, புதுச்சேரிக்கு வடக்கேயுள்ள இரும்பை மாகாளத்தைத் தரிசித்தோம். திருஞானசம்பந்த சுவாமிகளின் திருப்பதிகம் பெற்ற தலம் அது. கடுவெளிச் சித்தர் சினந்து பாட, அங்குள்ள இலிங்கம் பிளவுபட்டதென்றும், அயலெல்லாம் பாலையாயிற்றென்றும், பின்னொரு காலத்தில் தூரதேசத்தார் வந்து அந்நிலத்தைப் பசுமையாக்குவர் எனச் சித்தரே அருளினாரென்றும் அவ்வூரார் கூறுவர். ‘அந்தத் தூரதேசத்தாரைப் பார்க்க வேண்டுமானால் இப்படியே போங்கள்’ என்று ஒருவர் வழிகாட்டினார். அவ்வழியே ஆரோவிலுக்குச் சென்றோம்.

பாரிசிற் பிறந்து, புதுச்சேரி அரவிந்தர் ஆச்சிரமத்தில் அன்னை என வழங்கப்பெற்ற மிரா அல்பாசா அம்மையார், 1968-ம் ஆண்டு பெப்ரவரி 28-ந் தேதி இவ்வூரைத் தொடக்கினார். 124 தேசத்து மண் பிடிபிடியாகக் கொணரப்பட்டுத் தாமரை மொட்டு வடிவான கலசமொன்றில் இடப்பட்டது. இவ்வூர் தனிப்பட எவர்க்கும் உரியதன்று, மனுக்குலம் முழுவதற்கும் உரியது என்பது அன்று வாசிக்கப்பட்ட சாசனத்தின் முதற் கருத்து. 50,000 பேருக்கென வகுத்த நகரில் இன்று வாழ்வோர் மூவாயிரத்துச் சொச்சம் பேரே. நடுவிலுள்ள பொன்னிறக் கோளமாகிய மாத்ரிமந்திரைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கின்றனர், யாம் எழுதவேண்டுவதில்லை.

எம்மை நிறுத்தியது காடு. ஊர் தொடங்கியபோது அங்கே நிழல் என்பது அரிது. மாரிதோறும் வெள்ளம் செம்மண்ணை அரித்துக் கடலுக்குக் கொண்டுபோக, மேட்டுநிலம் பிளந்து பள்ளமும் படுகுழியுமாய்க் கிடந்தது. வந்தவர்கள் மழைநீர் ஓடாது நின்று சுவறும்படி எங்கும் வரம்பு கட்டினர். வறட்சி தாங்கி விரைவில் வளரும் அயல்நாட்டு அக்கேசியா மரங்களை முதலில் நட்டு, அவற்றின் நிழலிலே அந்நிலத்துக்கு ஆதியில் உரிய மரங்களை வளர்த்தனர். பாலையும் வீரையும் நிற்கக் கண்டு, வன்னிக் காட்டிலே நிற்கின்றோமோ என்று மயங்கினோம். இலைச்சருகின் மேல் நடந்தபோது, நிலம் காலடியில் மெத்தென்று கொடுத்தது. அரை நூற்றாண்டில் மனிதர் கைகளால் ஆன காரியம் இது.

பொது அடுக்களையின் கூரைமேல் பதினைந்து மீற்றர் அகலமுள்ள கண்ணாடிக் கிண்ணம் ஒன்று சூரிய கிரணங்களைக் குவித்து நீராவி உண்டாக்க, அந்த ஆவியில் நூற்றுக்கணக்கானோர்க்கு மத்தியான போசனம் சமைகின்றது. முகில் மூடினால் வேறு எரிபொருள் உதவும். வீடுகளைப் பற்றிய விதி எம்மை இன்னும் வியப்பித்தது. தன் பணத்தாற் கட்டிய வீடாயினும் கட்டியவனுக்குச் சொந்தமாகாது. அவன் அதன் பராமரிப்பாளன் மாத்திரமே. விற்க முடியாது, மகளுக்குச் சீதனமாக எழுதவும் முடியாது. இதனை எம்மூரிற் சொன்னால் கலியாணத் தரகர்கள் உபவாசம் இருக்க நேரும்.

இவ்வளவும் கண்ட பின்பு, அவர்கள் ‘எனது’ என்பதை வென்றுவிட்டனர் என்றே எழுத எண்ணினோம். ஆயின், அவ்வூரின் சரித்திரம் அப்படி எழுதவிடுவதாயில்லை. அன்னை 1973-ல் மறைந்தபின், நிலத்தைத் தன் பெயரில் வைத்திருந்த சங்கத்துக்கும் குடியிருப்போர்க்கும் நிருவாகம் யாருடையது என்னும் பிணக்கு மூண்டது. 1980-ல் இந்திய அரசாங்கம் தலையிட்டது; விவகாரம் 1982-ல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது; 1988-ல் தனிச் சட்டம் பிறந்தது. எவர்க்கும் உரியதல்லாத நிலம் எவருடையது என்று தீர்க்கவே இத்தனை காலம். பின்னர், ஆதித் திட்டத்திற் கண்ட வட்டவீதியை அமைப்பதற்காக 2021 டிசம்பரில் மரங்கள் தறிக்கப்பட, குடியிருப்போருட் பலர் இயந்திரங்களை மறித்தனர். பசுமைத் தீர்ப்பாயம் 2022-ல் வேலைக்கு இட்ட தடையை உச்ச நீதிமன்றம் 2025-ல் நீக்கியது.

எமக்குக் காடு காட்டிய முதியவர் ஒருவர், நாற்பது ஆண்டாக அங்கே வாழ்பவர். தாய்நாட்டிலுள்ள முதுசொத்தைத் துறந்து வந்தவர். வீட்டைக் காட்டியபோது ‘இவ்வீடு’ என்றார். மிதிவண்டியைக் காட்டியபோதும் ‘இது’ என்றே சொன்னார். தறித்த இடத்துக்கு வந்ததும் குரல் மாறிற்று. ‘என் மரங்கள்’ என்றார். சொன்னவுடன் நாணி, ‘இங்கே நின்ற மரங்கள்’ என்று திருத்திக்கொண்டார்.

அந்தத் திருத்தம் அன்றிரவு எம்மை உறங்கவிடவில்லை. அவர் சொன்ன ‘என்’ குற்றமா? வாங்கிய காணியை ‘எனது’ என்பதும் நீர் வார்த்து வளர்த்ததை ‘எனது’ என்பதும் ஒரு மலத்தின் இரு வடிவங்களோ, அன்றி வேறு வேறோ? உபாத்தியாயர்களாகிய நாம் ‘என் மாணாக்கன்’ என்கிறோம். அவனை விற்கவும் இயலாது, ஆதனமாக எழுதவும் இயலாது. பத்தாண்டு வளர்த்து அனுப்பிவிடுகிறோம். ஆயினும் அவனை வேறொருவர் தம் மாணாக்கன் என்று சபையிற் சொல்லக் கேட்டால் நெஞ்சு சுடுகின்றது. ஆசையற்றவன் அந்த மரங்களை வளர்த்திருப்பானா என்று எண்ணுகிறோம். ஆசையுள்ளவன் அவற்றைப் பொதுவுக்கு விட்டிருப்பானா என்றும் எண்ணுகிறோம். சாத்திரம் கற்றோர் விடை உடனே சொல்வர். அந்த முதியவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிவு எமக்கில்லை.

இன்னும் ஒன்று. அக்காட்டின் ஓரத்தில் சருகு கூட்டிக்கொண்டிருந்த பெண் அயற்கிராமத்தவள். அங்கே கூலிக்கு உழைக்கும் ஆயிரக்கணக்கானோரில் ஒருத்தி. அந்தக் கொல்லை தன் பாட்டனாருடையதென்றும், விளையாத நிலமென்று மலிவாக விற்றுவிட்டாரென்றும், இன்று அவ்வயலில் ஒரு பரப்பு வாங்கவும் தமக்கு வலியில்லையென்றும் சொன்னாள். மனக்குறையாகச் சொல்லவில்லை, மரம் வந்தபின் கிணற்றில் நீர் ஏறியது நன்றென்றும் அவளே சொன்னாள். ஆனால், மனுக்குலத்துக்கு உரியது என்னும் சாசனத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினால், தன் பங்கு எது என்று கேட்க அவளுக்கு நியாயம் உண்டு. நிலமுடையவன் அதனைத் துறப்பது ஒரு செயல். முன்னமே இழந்தவள், எதனைத் துறந்து அவ்வூரிற் புகுவாள்? எம் வினாவிலே இவளுக்கு இடமே இருக்கவில்லை என்பதை அப்போதுதான் கண்டோம்.

ஊர் திரும்பிய மறுநாட் காலையில் வேலியோரம் போய் நின்றோம். எமக்கும் எம் தமையனாருக்கும் அந்த வேலியைப் பற்றி ஒன்பது ஆண்டாக வழக்கு நடக்கின்றது. இரவோடிரவாகக் கதியால்கள் ஒரு முழம் எங்கள் பக்கம் நகர்ந்தன என்பது எம் வாதம். மறுபக்கம் நகர்ந்தன என்பது அவர் வாதம். எம் பிள்ளைகள் கனடாவில். அவர் பிள்ளைகள் இலண்டனில். அந்த முழ நிலத்தை ஆளவிருப்பவர் யாருமிலர். வேலியிலே நிற்கும் பெரிய பூவரசு எம் தந்தையார் நட்டது. அதற்கு நீர் சுமந்தவர் யாமல்லேம், தமையனாரே. வழக்குரைஞரிடம் இதனை யாம் இதுவரை சொன்னதில்லை. அடுத்த தவணை பங்குனியில் வருகின்றது.