அழிந்ததும் அழித்ததும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நடுகற்கள் மிகுதி. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை அவற்றைத் தொகுத்து 1972-இல் நூலாகவே வெளியிட்டது. அவற்றுள் எடுத்தனூர்க் கல் ஒன்று முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமை மந்தையைக் காக்க நின்று மாண்ட ஒரு வீரனுக்காக நடப்பட்ட அக்கல்லில் அவனுடைய நாயும் இடம்பெற்றிருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன். ஏறத்தாழ 1400 ஆண்டு வெயிலையும் மழையையும் கடந்து ஒரு நாயின் பெயர் நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது.

அதே மாவட்டத்தில், பத்தாண்டுகளுக்கு முன் நடந்த மகள் திருமணத்தின் படங்கள் எங்கே என்று ஒரு வீட்டில் கேட்டுப் பாருங்கள். கணிப்பொறியில் இருந்தன, கணிப்பொறி கெட்டுவிட்டது என்பார்கள். கல்லுக்குக் கிட்டிய ஆயுள் நம் காலத்துப் பதிவுகளுக்குக் கிட்டவில்லை. இந்தக் குறையைப் பலரும் பேசிவிட்டார்கள். நாம் இங்கே எண்ணிப் பார்க்க விரும்புவது அதற்கு அடுத்த கேள்வி: கெட்டுப்போன பதிவை மீட்கும் கலை கைவந்துவிட்ட பின்பு, எதை மீட்கலாம், எதை மீட்கலாகாது?

முதலில் பொருளை அறிந்துகொள்வோம். கடைத்தெருவில் ஹார்ட் டிஸ்க் என வழங்கும் வன்தட்டுக்குள், அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆன வட்டத் தகடுகள் மெல்லிய காந்தப் பூச்சோடு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. தகட்டைத் தொடாமல், தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான உயரத்தில் மிதந்தவாறு ஒரு நுண்முனை எழுதுகிறது, படிக்கிறது. ஐ.பி.எம். நிறுவனம் 1956-இல் இதை முதன்முதலாகச் செய்தபோது, 24 அங்குல அகலமுள்ள 50 தகடுகள் சேர்ந்து சுமார் 50 இலட்சம் எழுத்துகளையே தாங்கின. இன்று உள்ளங்கையளவுப் பெட்டி ஒரு நூலகத்தையே தாங்குகிறது. ஆனால் முனை தகட்டில் உரசிவிட்டால் பூச்சு சுரண்டப்படும். சுரண்டப்பட்ட இடத்திலிருந்த எழுத்து போனது போனதுதான்.

பெட்டிக்குள் 'டக் டக்' என்ற ஒலி கேட்கத் தொடங்கியதும் நம்மவர் செய்வது என்ன? மீண்டும் மீண்டும் மின்சாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். குளிர்ப்பெட்டியில் ஓரிரவு வைத்தெடுத்தால் பிழைக்கும் என்று யாரோ சொன்ன கைவைத்தியத்தையும் செய்வார்கள். உள்ளே ஈரம் படிந்து எஞ்சியதும் கெடும். அறிந்தவர் அப்படிச் செய்வதில்லை. மூலத்தில் ஓர் எழுத்தும் புதிதாக எழுதாமல், நலமாயுள்ள இடங்களை முதலிலும் முரண்டுபிடிக்கும் இடங்களைக் கடைசியிலுமாகப் படித்து, முழுத் தட்டையும் வேறொரு தட்டுக்கு அப்படியே படியெடுத்துக்கொள்வார். தேடுவதெல்லாம் அப்படியில்தான். செல்லரிக்கும் முன் ஏட்டைப் பெயர்த்தெழுதிய நம் முன்னோரின் நெறி இதுவே அன்றோ? 1842-இல் சீறாப்புராணம் அச்சேறியதும், அதுவரை ஏடு பெயர்த்தெழுதி வைத்திருந்த கைகளின் பயனேயாகும்.

மீட்பின் ஆற்றலுக்கு ஒரு சான்று. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் தரைக்குத் திரும்பும் வழியில் சிதறி, கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் மாண்டனர். சில மாதங்கள் கழித்து, வற்றிய ஏரிப்படுகையொன்றில் கருகிய வன்தட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. செனான் வாயுவின் பிசுபிசுப்பைப் பற்றி விண்ணில் நடந்த சோதனையின் அளவுகள் அதில் இருந்தன. வல்லுநர்கள் அதிலிருந்து 99 விழுக்காட்டை மீட்டெடுக்க, சோதனையின் முடிவு 2008-இல் வெளிவந்தது. இம்மீட்பில் யாருக்கும் மனச்சான்று உறுத்தியிருக்காது. மாண்டவர்கள் உலகுக்குச் சொல்லவே எழுதிவைத்த செய்தி அது.

வீட்டுக் கணிப்பொறியின் கதை வேறு. ஒரு கோப்பை நாம் அழிக்கும்போது, வன்தட்டில் அதன் உள்ளடக்கம் பெரும்பாலும் உடனே அழிவதில்லை. பொருளடக்கத்தில் அதன் பெயர் அடிக்கப்படுகிறது, இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். வேறொன்று மேலே எழுதப்படும்வரை பழையது அங்கேயே கிடக்கும். ஆகவே மீட்கும் கருவி வலைவீசும்போது, பொறி இழந்ததும் மனிதர் வேண்டுமென்றே அழித்ததும் ஒரே குவியலாக, பலவேளைகளில் பெயரும் தேதியும் இல்லாமல், வந்து விழுகின்றன. அழிந்தது எது, அழித்தது எது என்று கருவிக்குத் தெரியாது. நமக்கு வேண்டியதோ அந்த வேறுபாடே.

இப்படி எண்ணிப் பார்ப்போம். தேரடி வீதியில் பாய்க்கடை வைத்திருந்த ஒருவர் மறைந்துவிடுகிறார். வந்தவாசியில் நெய்பவர்களிடம் கோரைப்பாய் கடனுக்கு வாங்குவது அவர் வழக்கம். பௌர்ணமிக் கூட்டத்தில் விற்றதும் கணக்குத் தீர்ப்பார். கணக்கெல்லாம் கணிப்பொறியில். அவருக்குப் பின் சில நாளில் அதுவும் கண்மூடுகிறது. மகன் அதைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டு செல்கிறான். செல்வது பாசத்தால் மட்டுமன்று. இறந்தவரின் கடனைத் தீர்க்காமல் சொத்தைப் பங்கிட நம் மார்க்கத்தில் வழியில்லை. நெய்பவரிடம் சீட்டு இல்லையென்றால், பழுதான அந்தத் தட்டு ஒன்றே சாட்சி. இங்கே மீட்பு கடமையாகிவிடுகிறது.

ஆனால் கணக்கோடு சேர்ந்து வேறு பலவும் மேலே வரும்: வீட்டாருக்குத் தெரியாமல் வைத்திருந்த மருத்துவச் சீட்டு, தம்பியின் மீது சினந்து எழுதி, அனுப்பாமல் அழித்த கடிதம். சொத்து முழுதும் வாரிசுக்கு உரியது என்றால் இவையும் உரியவைதாமே என்பார் உண்டு. நாம் அதை ஏற்பதற்கில்லை. வீடும் கடையும் மரபுரிமையாகும். ஒருவர் தம் கையாலேயே மூடிய மறைவு அப்படி ஆகாது. அடுத்தவர் குறையைத் துருவித் தேடுவது உயிரோடிருப்பவர் விஷயத்தில் விலக்கப்பட்டதென்றால், மறுமொழி சொல்ல வாயற்றுப் போனவர் விஷயத்தில் எப்படி ஆகுமானதாகும்?

பழுதுபார்ப்பவரின் நிலை இன்னும் நுட்பமானது. அவரை மய்யித்தைக் குளிப்பாட்டுபவரோடு ஒப்பிடலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. குளிப்பாட்டுபவர் பார்த்தே ஆக வேண்டும். பாராமல் அப்பணி இல்லை. ஆயினும் கண்ட குறையை வெளியே சொல்லலாகாது. தேவையான அளவுக்கு மேல் துணி விலக்குவதுமில்லை. தட்டு பழுதுபார்ப்பவரும் கணக்குக் கோப்புகளை மட்டும் தேடலாம். படங்கள் வேண்டுமென்றால் படங்களை. கடிதங்களைத் திறக்க வேண்டியதில்லை. எது வேண்டும், எது வேண்டாம் என்று ஒப்படைக்கும்போதே சொல்லிவிடுவது வீட்டார் பொறுப்பு. வேலை முடிந்தபின் அவரிடமுள்ள படியை, பெயரை அடிப்பதோடு விடாமல், முழுவதும் மேலெழுதித் துடைக்க வேண்டும். அமானிதத்தைத் திருப்பிக் கொடுப்பதில் இதுவும் சேர்ந்ததே. (பழைய பெட்டிகளைக் காயலான் கடையில் எடைக்குப் போடுகிறவர்களும் இதைக் கொஞ்சம் கவனித்தால் நல்லது.)

2023-இல் நம் நாட்டில் இயற்றப்பட்ட எண்முறைத் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தமக்குப் பின் தம் தரவுக்கான உரிமைகளைச் செலுத்த ஒருவரை நியமிக்கலாம் என்கிறது. நிறுவனங்கள் வைத்திருக்கும் தரவைப் பற்றிய ஏற்பாடு அது. வீட்டு மேசையின் மீதுள்ள பெட்டிக்கு நம் மனச்சான்றையே நாட வேண்டியிருக்கிறது. உயில் எழுதுகிறவர் இதற்கும் ஒரு வரி எழுதிவைத்தால் என்ன?

அழித்ததை எழுப்பலாகாது என்ற நம் நிலைக்குள்ளும் ஒரு முள் இருக்கிறது. கை தவறி அழிந்ததும் உண்டு. குழந்தை விசையைத் தட்டிப் போனதும் உண்டு. பேரனின் படம் அப்படிப் போயிருந்தால் மீட்பதை யார் தடுப்பார்? கடினமானது வேறு. அழிக்கப்பட்ட கோப்புகளின் நடுவே கடன் வரியொன்று தலைகாட்டுகிறது: வந்தவாசி நெய்பவர் ஒருவருடைய பெயர், எதிரே ஒரு தொகை. கடன் தீர்ந்ததால் அழித்தாரா? தீராதிருந்தும், பிள்ளைகள் காணக் கூடாதென்று அழித்தாரா? தட்டு இதற்கு விடை தராது. வரியைக் காணாதது போலிருப்பது தந்தையின் மானத்தைக் காப்பது போலத் தோன்றும். ஆனால் அது நெய்பவரின் பணத்தால் காக்கப்படும் மானம். அடுத்தவர் உரிமை கலந்த இடத்தில் மறைவுக்கு இடமில்லை. மகன் வந்தவாசிக்குப் போய், அவரிடம் நேரில் கேட்க வேண்டும். "வாங்கிக்கொண்டேன்" என்று அவர் சொன்னால், அந்த வரியை மறுபடி அழித்துவிடலாம். "இன்னும் வரவில்லை" என்றால், கையில் சீட்டு இல்லாவிட்டாலும், பங்கு பிரிக்கும் முன் அத்தொகை தனியே எடுத்து வைக்கப்பட வேண்டும்.