பாரம் வைக்கும் இடம்

"ஆச்சி, டுடுக் தெங்ஙா" என்றார் படகுக்காரர். நடுவில் உட்காரச் சொல்கிறார்.

கம்போங் குவாந்தான் துறையில் அன்று கூட்டமில்லை. நிலவில்லாத இரவு, மின்மினி பார்க்க ஏற்ற இரவு. நால்வர் அமரும் சின்ன மரப்படகில் நாங்கள் மூன்று பேர்தான். முன்பலகையில் அம்மா, பின்பலகையில் நானும் என் மகளும். அம்மா இடது ஓரமாகவே உட்கார்ந்திருந்தார். படகு அந்தப் பக்கம் சாய்ந்து நின்றது. படகுக்காரர் இன்னொரு முறை சொன்னார். அம்மாவுக்கு மலாய் நன்றாகவே தெரியும். தலையை மட்டும் ஆட்டினார், அசையவில்லை.

மூன்றாம் முறை அவர் சொல்லவில்லை. துறையில் கிடந்த இரண்டு பிளாஸ்டிக் தோங்குகளை எடுத்தார். ஆற்றில் அமிழ்த்தி, வாய்விளிம்புவரை நிரப்பி, மூடியை இறுக்கி, அம்மாவுக்கு வலப்பக்கம் காலியாகக் கிடந்த இடத்தில் வைத்தார். படகு மெல்ல நிமிர்ந்தது.

"ஏம்பா, தண்ணில போற போட்டுக்குள்ள தண்ணியவே ஏத்துறாங்க?" என்று மகள் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில் போதாது. கனம் ஒரு பக்கமே இருந்தால் படகு கவிழும் என்றேன். அது உண்மைதான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அவள் கேள்வி என்னை விடவில்லை.

படகுக்குள் தண்ணீர் ஏற்றும் இன்னொருவன் என் தங்கை மகன். ஏரி ஒன்றில் நீர்விளையாட்டுப் படகோட்டுகிறான். வேக்சர்ஃப் என்று ஒரு விளையாட்டு. படகுக்குப் பின்னால் எழும் அலையின் மேல் பலகையில் நின்று சறுக்குவது. தொடக்கத்தில்தான் கயிறு. அலை பிடித்ததும் கயிற்றை விட்டுவிடுகிறார்கள், அலையே ஆளைத் தள்ளிக்கொண்டு போகிறது. படகு ஏறக்குறைய மணிக்கு 16 முதல் 18 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகும். மிதிவண்டி வேகம். அந்த வேகத்தில் வெறும் படகு பெரிய அலை எழுப்பாது. அதனால் பெரிய பைகளில் தண்ணீரை பம்ப் வைத்து நிரப்பிப் படகின் உள்ளே வைக்கிறார்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. 400 லிட்டர் பை என்றால் ஐந்தாறு பெரிய ஆட்கள் ஏறி உட்கார்ந்த மாதிரி.

"எங்க வைக்கிறோம்கிறதுதான் மாமா வேலையே" என்றான் அவன். "சறுக்குறவன் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் பின்மூலையில முக்காவாசிக் கனம். படகு அப்படியே சாஞ்சு தண்ணிய அழுத்தும், அந்தப் பக்கத்து அலை சுத்தமா எழும். ஆனா பின்னாடியே எல்லாத்தையும் வச்சா அலை செங்குத்தா நிக்கும், நீளம் இருக்காது. கொஞ்சத்தை முன்னாடி கொண்டு போகணும். அப்பத்தான் அலை நீளும்."

அளவு மீறினால் என்ன ஆகும் என்று கேட்டேன். வேகத்தைச் சட்டென்று குறைக்கும்போது தன் அலையே வந்து உள்ளே ஏறிவிடும் என்றான். படகு எவ்வளவு பாரம் தாங்கும் என்று தகட்டில் பொறித்திருப்பார்கள். அதைத் தாண்டக் கூடாது.

எனக்கு அவன் சொன்னதில் வியப்பாக இருந்தது ஒன்று. அவன் அலை எழும்புவதற்காகப் பாரம் வைக்கிறான். சிலாங்கூர் ஆற்றில் துடுப்புப் போடுகிற மனிதர் படகு சாயாமல் இருப்பதற்காக வைக்கிறார். அவருக்கு அலையே எழும்பக் கூடாது. கம்போங் குவாந்தானில் துடுப்புப் படகுதான். விசைப்படகின் அலை வந்து வந்து மோதினால் கரை இடியும். மின்மினிகள் பெரெம்பாங் மரத்தில் ஒளிர்கின்றன என்றாலும், அவற்றின் புழுக்கள் வளர்வது கரையோரச் சேற்றில், நத்தைகளைத் தின்று. கரை போனால் மரமும் போகும், ஒளியும் போகும். இரண்டு படகிலும் தண்ணீர்தான் பாரம். அதற்கு இடம் சொல்வது படகு போகிற காரியம்.

பாரத்துக்கு இடம் பார்க்கும் வித்தையை நான் முதலில் பார்த்தது படகில் இல்லை, அம்மாவின் தோளில்.

எங்கள் ரப்பர் தோட்டம் பத்தாங் பெர்ஜுந்தைக்கு உள்ளே இருந்தது. 2007இல் அந்த ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது, எங்கள் வாயில் இன்னும் பெர்ஜுந்தைதான். விடியுமுன் பெரட்டு, பெயர் கூப்பிடும் வரிசை. பிறகு மரம் வெட்டு. வெயில் ஏறும்போது மங்குகளில் வடிந்த பாலை வாளிகளில் சேர்த்து, காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் மாட்டி, பால் கொட்டகைக்குச் சுமந்து போவார்கள். பள்ளி விடுமுறையில் நான் பின்னாலேயே போவேன். இரண்டு வாளியும் என்றைக்கும் ஒரே அளவாக இருந்ததில்லை. அம்மா குனிந்து கம்பின் நடுவில் தோளைக் கொடுப்பார், ஒரு கணம் தூக்கிப் பார்ப்பார், பிறகு கனமான வாளியின் பக்கமாக நாலு விரற்கடை நகர்ந்துகொள்வார். அவ்வளவுதான். கம்பு தராசு மாதிரி நேராக நிற்கும். நெம்புகோல் விதியை எனக்கு இடைநிலைப்பள்ளியில் சொல்லிக் கொடுத்தபோது, அது அம்மாவின் தோளில் இருந்த கறுத்த தழும்புக்கு இன்னொரு பெயர் என்று தோன்றியது.

பாதி வாளி என்றால் அம்மாவுக்குப் பிடிக்காது. நிறைந்த வாளி நேராக வரும், பாதி வாளிதான் காலை இடறும் என்பார். ஒவ்வொரு எட்டுக்கும் உள்ளே இருப்பது ஒருமுறை முன்னே, ஒருமுறை பின்னே போய் மோதும். ஆள் அதன் ஆட்டத்துக்கு ஆட வேண்டிவரும். பொதுக்குழாயிலிருந்து தண்ணீர் கொண்டு வரும்போது ஓர் இலையைக் கிள்ளி மேலே மிதக்க விடுவார், தளும்பல் கொஞ்சம் அடங்கும். நிறைகுடம் தளும்பாது என்பதை அடக்கமான அறிஞர்களைப் பற்றிய பழமொழியாகத்தான் நாம் மேடையில் கேட்கிறோம். கப்பல் கட்டுகிறவர்களுக்கு அது கணக்கு. அரைகுறையாக நிரம்பிய தொட்டியில், கப்பல் சாயும்போது தண்ணீரும் சாய்ந்த பக்கமே ஓடும். சாய்வை இன்னும் கூட்டும். அதனால் தொட்டியை முழுக்க நிரப்பு, இல்லையென்றால் முழுக்கக் காலி செய் என்பது அவர்கள் நெறி. தங்கை மகனும் இதையே சொன்னான், பாதிப் பை திருப்பத்தில் ஆளையே உருட்டிவிடும் என்று.

பாரம் உயரத்தில் இருந்தால் எப்படி முடியும் என்பதற்கு சுவீடன் நாட்டு வாசா கப்பலைச் சொல்வார்கள். 64 பீரங்கிகள், அரசனின் பெருமை. புறப்படுமுன் துறைமுகத்தில் முப்பது பேரை மேல்தட்டில் இப்படியும் அப்படியும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். மூன்றாம் ஓட்டத்திலேயே கப்பல் ஆடிய ஆட்டத்தைக் கண்டு நிறுத்திவிட்டார்கள். ஓட்டத்தை நிறுத்தினார்களே தவிர, பயணத்தை நிறுத்தவில்லை. 1628 ஆகஸ்ட் 10 அன்று கிளம்பி, 1,300 மீட்டர் போவதற்குள் காற்றில் சாய்ந்து மூழ்கியது. அடித்தட்டில் கல் இருந்தது. அதற்கு மேலே இருந்ததற்கு அந்தக் கல் ஈடாகவில்லை. அந்த மூன்று ஓட்டங்களை நான் அடிக்கடி நினைப்பேன். ஆடுகிறது என்று எல்லோரும் பார்த்தார்கள்.

எங்கள் வட்டாரத்திலும் ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தது. இந்த நாட்டில் செம்பனையை வாணிபப் பயிராக முதன்முதலில் நட்டது 1917இல், எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் ரப்பர் போய்ச் செம்பனை எங்கும் வந்தது. அப்பா பால்வாளியை விட்டுவிட்டுக் குலை வெட்டப் போனார். கெரெத்தா சோரோங் என்ற தள்ளுவண்டியில் குலை அடுக்குவதில் அவர் கெட்டிக்காரர். பெரிய குலைகளைச் சக்கரத்துக்கு நேர் மேலே வைப்பார். கைக்கு வரும் கனம் குறைந்துவிடும். கைப்பிடிப் பக்கம் அடுக்குகிற இளவட்டங்களைப் பார்த்து, "முதுகு என்ன இரவலா வாங்கினது?" என்று கத்துவார்.

பிறகு எங்கள் தோட்டம் விற்கப்பட்டது. லயத்தைக் காலி செய்ய நாள் குறித்தார்கள். லாரி வாசலில் நிற்கும்போது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆட்டுக்கல்லைப் பற்றிச் சண்டை. நாலாவது மாடி அடுக்குவீட்டுக்கு அது எதற்கு என்றார் அப்பா. அம்மா பேசாமல் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கடைசியில் நாலு பேர் தூக்கி லாரியின் நடுவில் முதலில் வைத்தார்கள், மற்றதெல்லாம் அதைச் சுற்றி. அந்தக் கல்லில் புதுவீட்டில் ஒருநாளும் மாவு ஆட்டவில்லை. குழாயடியில் கிடக்கிறது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அம்மா ஒருமுறை கையால் தொடுவார்.

அப்பா கொண்டுவந்தது வேறு. கோவில் இடிந்தது, மாடு விற்றது, முப்பது ஆண்டு உழைப்புக்குக் கையில் வந்த தொகை: எதையும் முழுதாகச் சொல்லமாட்டார். சொல்லாமலும் இருக்கமாட்டார். சோற்றில் கை வைக்கும்போது பாதி வாக்கியம் வரும், தட்டு நகரும், வெளியே போய்விடுவார். அவர் மனத்தில் அது கட்டப்படாத பாரம். நாங்கள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதுவும் அந்தப் பக்கமே ஓடி வந்தது. நான் தேர்வில் தோற்றால் தோட்டம் போன கோபமும் சேர்ந்து என் மேல் விழும். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்த காலத்திலும் அதுவே.

கப்பல்கள் சரக்கில்லாமல் போகும்போது ஒரு துறைமுகத்துத் தண்ணீரைத் தொட்டியில் ஏற்றி, சரக்கு ஏற்றும் துறைமுகத்தில் கொட்டுகின்றன. அந்தத் தண்ணீரோடு அங்கிருந்த உயிர்களும் வந்து இறங்கும். கருங்கடல், காஸ்பியன் பக்கத்து வரிச்சிப்பி ஒன்று அப்படித்தான் 1980களில் வட அமெரிக்கப் பேரேரிகளுக்கு வந்து, குழாய்களை அடைத்துப் பெருகியது. 2004இல் உலக நாடுகள் இதற்கு ஓர் உடன்படிக்கை செய்தன. 2017 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. தண்ணீரைச் சுத்தப்படுத்தாமல் கொட்டக் கூடாது. என் தங்கை மகனும் ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் பைகளைக் கடைசிச் சொட்டுவரை வடிக்கிறான். இதைக் கேட்டபோது அப்பாவைத்தான் நினைத்தேன். தோட்டத்தில் ஏற்றிக்கொண்டதை அவர் நாலாவது மாடியில் கொட்டினார். எங்களைக் காயப்படுத்த நினைத்து இல்லை. கொட்ட அவருக்கு வேறு துறையே இல்லை.

அம்மாவும் அதே தோட்டத்திலிருந்துதான் வந்தார். இழப்பில் ஒரு வாளிகூடக் குறைவில்லை. அப்பா மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது அம்மாவுக்குள் அடித்தளத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. எதையும் மறந்தவர் இல்லை. கேட்டால் எந்த நிரையில் எத்தனை மரம் என்பதுவரை, நிதானமாக, முழுதாகச் சொல்வார். முழுதாகச் சொல்ல முடிந்ததனால்தானோ என்னவோ, அது அவரை இழுக்கவில்லை, நிறுத்தியது. அத்தனை கனத்தை இறக்கிவிடுங்கள் என்று யாராவது அம்மாவிடம் சொல்லியிருந்தால், காற்றில் எந்தப் பக்கம் போயிருப்பாரோ தெரியாது. பாரமில்லாதவர்கள்தான் நிம்மதியானவர்கள் என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன். வெறும் படகைப் பார்த்த பிறகு அந்த நம்பிக்கை இல்லை. அது சின்னக் காற்றுக்கே மூக்கைத் தூக்கித் திரும்பிவிடுகிறது.

அன்றிரவு ஆற்றுக்குத் திரும்புகிறேன்.

ஒரு வளைவு தாண்டியதும் பெரெம்பாங் மரங்கள் ஒளிர்ந்தன. ஒரு மரம் முழுக்க, ஒரே தாளத்தில், அணைந்து எரிந்து. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். படகுக்காரர் துடுப்பை நீருக்குள் சத்தமில்லாமல் விட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் இதே ஆற்றுக்கு அப்பாவோடு வந்திருந்தோம். முன்பலகையில் அம்மா இடது, அப்பா வலது. போன ஆண்டு ஆவணியில் அப்பா போய்விட்டார். அம்மா அவருக்கு இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த இடத்தில் ஆற்றுத் தண்ணீர் இருந்தது. தோங்கின் மூடி மேல் அம்மாவின் வலது கை, ஏறியதிலிருந்து இறங்கும்வரை.

திரும்பித் துறைக்கு வந்தபோது படகுக்காரரிடம் கேட்டேன், ஏன் வாய்விளிம்புவரை நிரப்பினீர்கள் என்று.

"கெனா பெனோ, அண்ணே. பாரு டியாம்" என்றார். நிறைந்தால்தான் அசையாமல் இருக்கும்.

அம்மா முதலில் இறங்கினார், பிறகு மகள். படகுக்காரர் தோங்குகளைத் தூக்கி விளிம்பில் வைத்து மூடியைத் திறந்தார். "நான் ஊத்தட்டுமா?" என்று மகள் கேட்டாள். இருவருமாகப் பிடித்துச் சரித்தார்கள். தண்ணீர் எடுத்த ஆற்றிலேயே போய்ச் சேர்ந்தது. அது முழுவதும் வடியும்வரை அம்மா கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்று பார்த்தார். பிறகு, "வா, வீட்டுக்குப் போலாம்" என்றார்.