மதிப்பெண்ணில் இறைச்சித்தம் தெரியுமா?

அமெரிக்காவில் பல் மருத்துவராக விரும்பும் ஒருவர் பள்ளிப்படிப்பு முடிந்ததும் நேரே பல் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்துவிட முடியாது. முதலில் கல்லூரியில் இளநிலைப் படிப்பு. அதற்குள்ளாகவே உயிரியல், இயற்பியல், பொது வேதியியல், கரிம வேதியியல் எல்லாவற்றையும் ஆய்வக வகுப்புகளோடு முடித்தாக வேண்டும். அதன்மேல் டி.ஏ.டி. என்ற சேர்க்கைத் தேர்வு. அதன் அறிவியல் பகுதியில் 100 கேள்விகள். பொது வேதியியலுக்கு 30, கரிம வேதியியலுக்கு 30. அறுபது கேள்விகள் வேதியியலுக்கே போய்விடுவதால், பல்லைப் பற்றி ஒரு வார்த்தை படிப்பதற்கு முன்பே பலருடைய பயணம் கரிம வேதியியல் வகுப்பில் நின்றுபோகிறது. இரவு பகலாகப் படித்தும் இடைப்பருவத் தேர்வில் நாற்பதைத் தாண்டாத மாணவர், கடவுள் நம்பிக்கை உள்ளவரானால், ஒரு கட்டத்தில் இப்படிக் கேட்கிறார்: 'இது எனக்குக் கடவுள் வைத்த வழி இல்லையோ?' அங்கே குடியேறிய இந்துக் குடும்பங்களில் இதையே 'தலையில் எழுதியிருந்தால் கிடைக்கும்' என்கிறார்கள். சொல்கிறவர்கள் வேறு, யோசிக்கும் முறை ஒன்றுதான்: விடைத்தாளில் விழுந்த எண்ணை மேலிருந்து வந்த தீர்ப்பாக வாசிப்பது. இந்த வாசிப்பு தவறு என்பது என் கருத்து. நாத்திகரின் அளவுகோலை வைத்து இதைச் சொல்லவில்லை. சமயங்களின் சொந்த அளவுகோலிலேயே இது தேறாது.

அந்த எண் எப்படி உண்டாகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கரிம வேதியியலில் வழக்கமாக வரும் ஒரு கேள்வி: 2-புரோமோபியூட்டேனை எத்தனாலில் சோடியம் ஈத்தாக்சைடோடு சேர்த்தால் முக்கிய விளைபொருள் எது? அதையே அசிட்டோனில் சோடியம் அயோடைடோடு சேர்த்தால் எது? முதலாவதில் வலிமையான காரம் பக்கத்துக் கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ள, புரோமின் விலகி, இரட்டைப் பிணைப்பு உண்டாகும். இரண்டாவதில் அயோடைடு பின்பக்கமாக வந்து கார்பனைத் தாக்கிப் புரோமினை வெளியே தள்ளும். வினைகளை அட்டவணையாக மனப்பாடம் செய்த மாணவர் இங்கே திகைத்து நிற்பார், ஏனென்றால் இரண்டாம்நிலை ஹாலைடுக்கு இரண்டு வழிகளும் திறந்தே இருக்கின்றன. எது நடக்கும் என்பதை எதிரே வரும் பொருளும் கரைப்பானும் சேர்ந்து முடிவு செய்கின்றன. வழிமுறையை வரையச் சொன்னால் இன்னொரு பிழை எட்டிப்பார்க்கும். வளைந்த அம்புக்குறி எலெக்ட்ரான் இணையிலிருந்து புறப்பட வேண்டும். நகர்வது ஹைட்ரஜன்தானே என்று அதிலிருந்தே அம்பைத் தொடங்கிவிடுகிறவர்கள் உண்டு. மதிப்பெண் கரைகிற இடங்கள் இவைதாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் விடைத்தாளிலேயே, திருத்தியவரின் மைக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 'இது கடவுளின் குறிப்பு' என்று சொல்லிவிடும் மாணவர் அந்தத் தாளை மறுபடி பிரித்துப் பார்ப்பதில்லை.

எண் எழுத்தாக மாறும்போது இன்னும் பல மனிதக் கைகள் அதில் படுகின்றன. பல வகுப்புகளில் 'கர்வ்' போடுகிறார்கள். அதாவது, வகுப்புச் சராசரியை வைத்துத் தரநிலைகளைப் பிரிக்கிறார்கள். நாற்பத்தைந்து வாங்கியவர் ஒரு வகுப்பில் 'பி' பெறுவார். பக்கத்து இருக்கைகளில் வேறு மாணவர்கள் உட்கார்ந்திருந்தால் அதே தாளுக்கு 'டி' வரும். 2022-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நடந்ததை அமெரிக்கா முழுவதும் பேசியது. கரிம வேதியியலில் பேர்பெற்ற பாடநூல் எழுதிய மெய்ட்லண்ட் ஜோன்ஸ் அங்கே பாடம் நடத்தினார். வகுப்பிலிருந்த சுமார் 350 பேரில் 82 பேர் பாடம் நடந்த விதத்தையும் மதிப்பெண்களையும் பற்றி மனுக் கொடுத்தார்கள். பல்கலைக்கழகம் அவருடைய ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. தரம் சரிகிறது என்றது ஒரு தரப்பு, கற்பித்தல் மாற வேண்டும் என்றது இன்னொரு தரப்பு. யார் சரி என்பது இங்கே நமக்குத் தேவையில்லை. வினாத்தாளின் கடுமையை ஒரு பேராசிரியர் முடிவு செய்கிறார், அவர் பணியில் நீடிப்பதை ஒரு நிர்வாகம் முடிவு செய்கிறது. இத்தனை பேர் எழுதிய ஒன்றில் கடவுளின் கையெழுத்தை மட்டும் தனியே பிரித்து எடுக்க எந்த வழியும் இல்லை.

அப்படியானால் மதிப்பெண்ணுக்கு மதிப்பே இல்லையா, பல் பிடுங்குகிறவருக்குக் கரிம வேதியியல் எதற்கு என்று கேட்டால், அந்தப் பக்கமும் நான் சாய மாட்டேன். பல் சீழ் பிடித்த இடத்தில் மரத்துப்போக ஊசி போட்டால் சில நேரம் வேலை செய்யாது. லிடோகெயின் ஒரு வலிமை குறைந்த காரம், அதன் பி.கே.ஏ., அதாவது அதன் மூலக்கூறுகளில் பாதி மின்னூட்டம் பெற்றிருக்கும் pH, 8-க்குச் சற்றுக் கீழே. நரம்பின் உறையைக் கடந்து உள்ளே போகக்கூடியது அதன் மின்னூட்டமில்லாத வடிவம் மட்டுமே. அழற்சி கண்ட திசுவில் அமிலத்தன்மை கூடுவதால் மருந்தின் பெரும்பகுதி புரோட்டானை ஏற்று மின்னூட்டம் பெற்றுவிடுகிறது; உள்ளே போகும் அளவு குறைகிறது; நோயாளி வலியில் துடிக்கிறார். முதலாண்டில் சலித்துக்கொண்டே படித்த அமில-காரச் சமநிலை அந்த நாற்காலியில் வந்து உட்காருகிறது. வேதியியலில் தோற்றது ஒரு குறைதான், நிரப்பியாக வேண்டிய குறை. ஆனால் குறை என்று சொல்வது ஒன்று, விலக்கு என்று சொல்வது வேறு. நான் மறுப்பது இரண்டாவதை.

தோல்வியைத் தெய்வத் தீர்ப்பாக வாசிப்பதைச் சமய நூல்களே கண்டித்திருக்கின்றன. விவிலியத்தில் யோபுவின் நண்பர்கள் செய்தது இதைத்தான்: இவ்வளவு துன்பம் வந்திருக்கிறது, எனவே உன்மேல் ஏதோ தவறு இருக்க வேண்டும் என்றார்கள். நூலின் முடிவில் கடவுள் கண்டிப்பது யோபுவின்மேல் குற்றம் சுமத்திய அந்த நண்பர்களை. யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவிக் குருடரைக் காட்டி இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்கிறார்கள். இவனும் அல்ல, பெற்றோரும் அல்ல என்று இயேசு மறுக்கிறார். இருந்தும் பழக்கம் போகவில்லை. சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1904-05-இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வில் இதன் ஒரு வேரைக் காட்டினார்: கடவுள் தம்மைத் தேர்ந்தெடுத்திருக்கிறாரா என்று அறிய முடியாமல் தவித்த பியூரிட்டன் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், தொழிலில் வரும் வெற்றியை அதற்கான அடையாளமாகக் கொள்ளத் தொடங்கினார்கள் என்றார். அவர்கள் பின்பற்றிய சமய ஆசான் கால்வின் அப்படிச் சொல்லித் தரவில்லை என்பதையும் வேபர் குறிப்பிடுகிறார். வெற்றி அடையாளமானால் தோல்வியும் அடையாளமாகத்தானே வேண்டும்? அமெரிக்கக் கல்லூரி மாணவர் அறியாமலே சுமப்பது அந்தப் பழைய தவிப்பைத்தான்.

நம்மவர்கள் கீதையைச் சொல்லித் தேற்றுவதும் பாதியில் நின்றுவிடுகிறது. செயலில்தான் உனக்கு உரிமை, பலனில் இல்லை என்ற வரை சொல்வார்கள். அதே சுலோகத்தின் கடைசி அடி செயலற்றிருப்பதில் பற்று வைக்காதே என்கிறது; அதை விட்டுவிடுகிறோம். பலன் என் கையில் இல்லை என்பது பாடத்தைக் கைவிடுவதற்கான அனுமதி ஆகாது. வள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கி அதன் வலிமையை ஒளிக்காமல் சொன்னவர்தான். அவரே ஆள்வினையுடைமை என்ற அதிகாரத்தில், தளராமல் முயல்பவர் ஊழையும் புறங்காண்பார் என்கிறார். ஊழ் உண்டா இல்லையா என்பதைவிட, முயற்சி முடிவதற்கு முன்பே ஊழின் தீர்ப்பை அறிந்துவிட்டதாக நினைக்கலாமா என்பதே இங்கே கேள்வி. எனக்குத் தெரிந்தவரை வள்ளுவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

ஒரு தோல்வியை முன்கூட்டியே தீர்ப்பாக வாசிப்பது தவறு என்பதற்குப் பல் மருத்துவ வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்ட் நகரில் பல் மருத்துவராக இருந்த ஹோரஸ் வெல்ஸ், 1844-இல் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை முகர்ந்துவிட்டுத் தன் பல்லையே பிடுங்கச் செய்து வலி தெரியாததைக் கண்டார். 1845 ஜனவரியில் பாஸ்டனில் மருத்துவர்கள், மாணவர்கள் முன்னிலையில் அதைச் செய்து காட்டினார். வாயுப் பையைச் சீக்கிரமே எடுத்துவிட்டதாக அவரே பின்னர் சொன்னார், நோயாளி கத்தினார், கூடியிருந்தவர்கள் ஏமாற்று வேலை என்று கூச்சலிட்டார்கள். அடுத்த ஆண்டு, 1846 அக்டோபர் 16 அன்று, அவருடைய பழைய கூட்டாளியான வில்லியம் மார்ட்டன் அதே நகரில் ஈதரைக் கொண்டு செய்து காட்டி வென்றார். முதல் காட்சியைக் கடவுளின் குறிப்பாக எடுத்திருந்தால், மனிதர் வலியில்லாமல் சிகிச்சை பெறக் கூடாது என்று பொருள் வரும். இரண்டாவதை எடுத்தால் நேர் எதிர். முதல் காட்சி காட்டியது மருந்தின் அளவில் இருந்த குறையை மட்டுமே. வெல்ஸ் அந்த அவமானத்திலிருந்து மீளவில்லை. 1848-இல் உயிரை மாய்த்துக்கொண்டார். நைட்ரஸ் ஆக்சைடு இன்றும் பல் மருத்துவமனைகளில் பயன்பாட்டில் இருக்கிறது. ஒரு நாள் நடந்த தோல்வியை முழு வாழ்வின் தீர்ப்பாக வாசிப்பது எவ்வளவு கொடியது என்பதற்கு இதைவிடத் துயரமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கடவுளை நம்புகிறவர் எழுப்பக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு: அவனன்றி அணுவும் அசையாது என்றால் அந்த நாற்பது மதிப்பெண்ணும் அவன் சித்தம்தானே? ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாம் அவன் சித்தம் என்றால், மறுபடி அதே பாடத்தில் பெயர் பதிவதும் அவன் சித்தம்தான், அதில் தேறுவதும் அவன் சித்தம்தான். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று எதற்கும் தனிக்குறிப்பாக இருக்க முடியாது. பார்த்து எழுதி 'ஏ' வாங்கியவரைக் கடவுள் அழைத்திருக்கிறார் என்று யாரும் சொல்வதில்லையே. விவிலியத்தில் வரும் கிதியோன் ஆட்டுத்தோலை வைத்து அடையாளம் கேட்டானே என்பார்கள். அவன் கேட்டது ஏற்கெனவே தனக்குத் தெளிவாகச் சொல்லப்பட்ட கட்டளையை உறுதி செய்துகொள்ள, அதுவும் பயத்தால். நடந்து முடிந்த ஒன்றை எடுத்துவைத்து, அதைப் பின்னோக்கி அடையாளமாக்கவில்லை.

இந்த இடத்தில் கத்தோலிக்கப் புனிதரான லொயோலா இஞ்ஞாசியார் பெரிய துணை. போர்வீரராக இருந்து காயப்பட்டு, மனம் திரும்பிய பிறகு, முப்பது வயதைத் தாண்டி பார்சலோனாவில் இலத்தீன் இலக்கணம் கற்கத் தொடங்கினார். மேற்படிப்புக்கு அன்று அதுதான் வாசல். மனப்பாடம் செய்ய உட்கார்ந்தபோதெல்லாம் உயர்ந்த ஆன்மிக எண்ணங்கள் வந்து அவரை இழுத்தன, பாடம் ஓடவில்லை. படிப்பு உனக்கு வேண்டாம் என்று கடவுள் சொல்கிறார் என அவர் எளிதாக முடிவு செய்திருக்கலாம். அவரோ அதைச் சோதனை என்று கண்டுகொண்டு, ஆசிரியரிடம் போய் இனி வகுப்புக்குத் தவற மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். மனம் வறண்டு சோர்ந்திருக்கும் வேளையில் முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்றாதே என்று அவர் பின்னர் வகுத்த விதி இன்றும் ஆன்மிக வழிகாட்டிகள் பின்பற்றுவது. மதிப்பெண் வந்த அன்றிரவு பாடத்தை விட்டுவிடத் துடிக்கும் மாணவருக்காகவே எழுதியதுபோல அது இருக்கிறது.

இப்படியே போனால் முடியாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாழ்நாளை வீணாக்கிவிட மாட்டாரா என்ற கவலை நியாயமானது. செலவும் சிறியதல்ல. பல் மருத்துவச் சேர்க்கைக்கான பொது விண்ணப்பத்தில், திரும்ப எழுதிய பாடத்தின் பழைய மதிப்பெண்ணும் சராசரியில் சேர்த்தே கணக்கிடப்படும். முதல் தோல்வி அழியாது. ஆகவே நிறுத்த வேண்டிய நேரமும் வரலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது விவேகம். படிக்கும் முறையை மாற்றிப் பார்த்தாயிற்றா, பேராசிரியரின் அறைக்குப் போய்த் தாளை வைத்துக் கேட்டாயிற்றா, பல் மருத்துவர் ஒருவரோடு இருந்து அந்த வேலையைப் பார்த்தாயிற்றா, கடனைத் தாங்க முடியுமா என்று கேட்டுப் பதில்களை எடைபோட்டு, வேறு வழியில் போகிறேன் என்று சொல்பவர் தன் முடிவுக்குத் தானே பொறுப்பேற்கிறார். கடவுள் மறுத்துவிட்டார் என்று சொல்பவர் அந்தப் பொறுப்பைக் கைமாற்றிவிடுகிறார். பிற்காலத்தில் கடவுளோடு அவருக்கு மனத்தாங்கலும் மிஞ்சும்.

பெற்றோரையும் போதகர்களையும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பிள்ளை குறைந்த மதிப்பெண்ணோடு வந்து நிற்கும்போது, 'கடவுள் வேறு கதவைத் திறப்பார்' என்று உடனே சொல்லிவிடாதீர்கள். ஆறுதலாகத்தான் சொல்கிறீர்கள், ஆனால் இந்தக் கதவு சாத்தியாயிற்று என்றே பிள்ளையின் காதில் விழுகிறது. முதலில் சாப்பிட வையுங்கள், தூங்க விடுங்கள். மறுநாள் அந்த விடைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தக் கேள்வியில் எங்கே பிசகியது என்று பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள்.