படியேறும் பிள்ளைகள்

பெரியபாளையத்தில் பவானி அம்மனைக் கும்பிட்டு, ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதிக்குப் போகிற குடும்பங்கள் உண்டு. மலையடிவாரத்து அலிபிரியில் தொடங்கும் 3,550 படிகளைக் கோயிலுக்குப் போகும் வழியாக மட்டுமே நினைக்கிறோம். ஆனால் அது சேஷாசலக் காட்டுக்குள் ஏறும் பாதை. 1989-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா அந்த மலைகளில்தான் இருக்கிறது.

2023 ஆகஸ்டில் அந்தப் படிப்பாதையில் ஒரு சிறுத்தை ஆறு வயதுச் சிறுமியைக் கொன்றது. நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. சிறுத்தையைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் காடு அதன் வீடு. நாம் குனிந்து படிக்கு மஞ்சள் பூசும் நேரத்தில் பிள்ளை பத்தடி முன்னே ஓடிவிடும். தனியே ஓடும் சின்ன உருவம் சிறுத்தைக்கு இரையாகத் தெரியும். மிச்சச் சோற்றை வீசினால் நாய் வரும். நாயைத் தேடிச் சிறுத்தையும் வரும்.

காலையிலேயே ஏறுங்கள். வழியில் பிள்ளைக்கு அந்தக் காட்டின் செம்மரத்தைக் காட்டுங்கள். பிள்ளையின் கையை மட்டும் விடாதீர்கள்.