சேம அச்சும் மயிற்பீலியும்: ஊர்தி மாற்றம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மனிதன் தான் கையாளும் கருவியை மாற்றும்போது தன்னையும் மாற்றிக்கொள்கிறானா என்பது பழைய வினா. நம் காலத்து இளைஞர் பலரின் உள்ளத்தை ஆட்கொண்டுள்ள மோட்டார் சைக்கிளை முன்னிறுத்தி அவ்வினாவை இங்கு எழுப்ப விரும்புகிறோம். அற்பப் பொருள் என்று இதனை ஒதுக்குதல் தகாது. ஒருவன் தன் சேமிப்பை எதற்குச் செலவிடுகிறான், எதனைத் தேவையென்று தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறான் என்பதிலும் அறவியல் உறைந்துள்ளது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டதன் பின் இவ்வினா நம் நாட்டில் நடைமுறைப் பொருத்தமும் பெற்றுள்ளது.

தம்பலகாமத்து இளைஞன் ஒருவனைக் கற்பனையிற் கொள்வோம். இருபது வயதில் அவன் பந்தயச் சாயல் கொண்ட 150 சிசி மோட்டார் சைக்கிளை வாங்கினான். முப்பதை எட்டும்போது அதனை விற்று, நெடும்பயணத்துக்கென அமைந்த பெரிய வண்டியொன்றை வாங்க எண்ணுகிறான். 'வேகத்தின் மயக்கம் தீர்ந்துவிட்டது. இனி நின்று நிதானித்துத் தூரம் போக வேண்டும்' என்பது அவன் கூறும் நியாயம். இதனை முதிர்ச்சி என்பதா, ஆசை பூண்ட மற்றொரு வேடம் என்பதா?

முதலில் அவன் பக்கத்து நியாயத்தை நோக்குவோம். பந்தயச் சாயல் வண்டியின் கைப்பிடிகள் தாழ்ந்தவை. ஓட்டுபவன் முன்னோக்கிக் குனிகிறான். உடலின் பாரம் மணிக்கட்டுகளில் இறங்குகிறது. இயந்திரம் தன் முழு வலிமையை மிகுந்த சுழற்சியிலேயே வெளிப்படுத்துவதால், வண்டியே அவனை விரைவுக்குத் தூண்டுகிறது. நெடும்பயண வண்டியிலோ கைப்பிடி அகன்றும் உயர்ந்தும் இருக்க, முதுகு நிமிர்கிறது. பெரிய முன்சக்கரமும் நெடிய அதிர்வுதாங்கிகளும் பள்ளம் மேடுகளைப் பொறுத்துக்கொள்கின்றன. குறைந்த சுழற்சியிலேயே இழுவிசை கிடைப்பதால், மெல்லச் செல்வதும் இன்பமாகிறது. இவ்வேறுபாடு உடலோடு நின்றுவிடுவதில்லை. கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமத்து வயல்வெளியின் ஊடாகக் குனிந்து விரைபவனுக்கு, வீதியோரம் காயும் நெல்லும், குறுக்கே நடக்கும் மாடும், வரம்பிலிருந்து ஏறிவரும் லேண்ட்மாஸ்டரும் தடைகளாகவே தோன்றும். நிமிர்ந்து செல்பவனுக்கு அவை ஓர் ஊரின் வாழ்க்கையாகத் தோன்ற இடமுண்டு. கருவி நம் கவனத்தைப் பழக்குகிறது என்பதில் ஐயமில்லை.

இனி மறுபக்கத்தை நோக்குவோம். இத்தகைய வண்டியினத்தின் தொடக்கமாகப் பெரும்பாலோர் கருதுவது, 1980இல் ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் அறிமுகப்படுத்திய ஆர் 80 ஜி/எஸ் என்பதாகும். பெயரின் இறுதி எழுத்துகள் இரண்டும் கரட்டு நிலத்தையும் வீதியையும் குறிக்கும் ஜேர்மன் சொற்களின் முதலெழுத்துகள். அவ்வண்டியின் புகழ் 1981இல் பாரிஸ் – டக்கார் போட்டியில் ஹூபேர்ட் ஒரியோல் அதில் ஏறி வென்றதால் பரவியது. அஃதாவது, நிதானப் பயணத்தின் சின்னமாக இன்று விற்கப்படும் வண்டி, பாலைநிலத்தில் நடந்த விரைவுப் போட்டியொன்றிலேயே தன் பெயரை நாட்டியது. 'பிறரினும் விரைவாக' என்ற வேட்கை, 'பிறரினும் தொலைவாக' என்று உருமாறியிருக்கலாம். ஒப்பீடு நீங்காதவரை வேட்கை தணிந்ததெனக் கூறவியலாது.

இதற்கு மாறான சான்றையும் கருதுக. டெட் சைமன் என்னும் ஆங்கிலப் பத்திரிகையாளர் 1973 முதல் 1977 வரை மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றிவந்தார். அவர் ஊர்ந்தது 500 சிசி வலுவுள்ள சாதாரண டிரையம்ப் வீதி வண்டி. மேற்கூறிய வண்டியினம் தோன்றியது அவர் பயணம் முடிந்து மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னரே. பயணியை வண்டி படைப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

நம் நாட்டனுபவமும் இதனையே உணர்த்துகிறது. போர்க்காலத்தில் வீதிகள் குண்டுங்குழியுமாய்க் கிடந்தபோது, கிழக்கு மாகாண மக்கள் துவிச்சக்கரவண்டியிலும் சிறிய மோட்டார் சைக்கிளிலும் பிள்ளைகளையும் நெல்மூட்டையையும் ஏற்றிச் சென்றனர். கிண்ணியாத் துறையை 'பாதை' எனப்படும் மிதவையில் ஏறிக் கடந்தனர். தம்பலகாமக் குடாவும் கொட்டியாரக் குடாவும் இணையும் நீர்ப்பரப்பின்மேல் 396 மீற்றர் நீளமான பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. வீதிகள் காப்பெட் இடப்பட்டன. பாதை கரடாயிருந்த காலத்தில் இல்லாத கரட்டுநில வண்டி, பாதை செப்பமான காலத்தில் தேவையெனத் தோன்றுவது சிந்தனைக்குரிய முரணாகும்.

இவ்விடத்தில் நம் இலக்கியம் தரும் இரு வண்டிகள் துணைக்கு வருகின்றன. ஒன்று புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் காட்டும் உமணர் வண்டி. பாரம் மிகுதி, எருதுகள் இளையன, வழியில் பள்ளமும் மேடும் எவ்வாறிருக்குமென அறிந்தார் இலர். ஆதலின் உமணர் அச்சுமரத்தின் கீழ் மற்றோர் அச்சினைச் சேமமாகக் கட்டிச் சென்றனர். மற்றொன்று திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்திலுள்ள வண்டி. மென்மையான மயிற்பீலியேயாயினும், அளவு கடந்து ஏற்றினால் அச்சு முறியும் என்கிறார் வள்ளுவர். முன்னது ஆயத்தத்தைப் போற்றுகிறது. பின்னது மிகையைக் கடிகிறது. இரண்டையும் பிரிக்கும் எல்லை எங்கே?

உமணர் முதலில் உப்பை ஏற்றினர்; பின்னரே சேம அச்சைக் கட்டினர். சுமை மெய்யாக இருந்தது. அச்சம் அச்சுமையிலிருந்து பிறந்தது. சுமையே இல்லாதவன் சேம அச்சைக் கட்டிக்கொண்டு திரிவானாயின், அவ்வச்சே அவனுக்குச் சுமையாகிவிடும். ஆயத்தம் என்னும் பண்பு, ஏற்கெனவே உள்ள பொறுப்பொன்றை நோக்கியதாக இருக்கும்போதே அறமாகிறது என்பது எமது துணிபு.

இவ்வளவுகோலால் நம் இளைஞனின் வண்டியை அளப்போம். 2016இல் தமிழ்நாட்டிலிருந்து வெளிவந்த றோயல் என்பீல்ட் ஹிமாலயன் 411 சிசி வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் தாங்கி 15 லீற்றர் கொள்ளும். லீற்றருக்கு 30 கிலோமீற்றர் ஓடுமெனக் கொண்டால் 450 கிலோமீற்றர் செல்லலாம். இலங்கையின் வடதென் நீளமோ ஏறத்தாழ 435 கிலோமீற்றர். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது கியூஆர் குறியீட்டு முறையில் மோட்டார் சைக்கிளுக்குத் தொடக்கத்தில் வாரத்துக்குக் கிடைத்தது 4 லீற்றர். அதனைக் கொண்டு அத்தகைய வண்டி 120 கிலோமீற்றர் ஓடும். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் சிறிய வண்டியோ 200 கிலோமீற்றர் ஓடும். எங்கும் போகலாம் என்ற உறுதிமொழி, நெருக்கடியில் அண்மையூர்ச் சந்தைக்குப் போவதையே அரிதாக்கிவிடக்கூடும். தவணைக் கடன் சேருமாயின், அப்பாரத்தின் ஒரு பங்கு அதிற் பயணஞ்செய்யாத தாயின்மேலும் மனைவியின்மேலும் விழுகிறது.

பிறர் உயிர் என்னும் கணக்கும் உண்டு. 70 கிலோ நிறையுள்ளவன் 140 கிலோ வண்டியில் செல்லும்போது மொத்தத் திணிவு 210 கிலோ. 200 கிலோ வண்டியில் 270 கிலோ. இயக்கப்பாட்டுச் சக்தி திணிவோடு நேர்விகிதத்திலும் வேகத்தின் வர்க்கத்தோடும் கூடுவதால், முன்னது மணிக்கு 80 கிலோமீற்றரில் கொண்டிருக்கும் தாக்குவலுவைப் பின்னது ஏறத்தாழ 70இலேயே எய்திவிடும். ஹபரணைக்கும் கந்தளாய்க்குமிடையே யானை வீதியைக் கடக்கும்போதும், தம்பலகாமச் சந்தியில் பள்ளிச் சிறுமி கடக்கும்போதும் இக்கணக்கே பேசும். மெல்லச் செல்வதற்காக வண்டியை மாற்றினேன் என்பவன், முன்னினும் மெல்லச் சென்றாலன்றித் தன் சொல்லைக் காத்தவனாகான்.

'என் உழைப்பு, என் பணம், என் மகிழ்ச்சி. இதில் அறத்துக்கு என்ன வேலை?' என ஒருவர் வினவலாம். வினா நேர்மையானது. பிறர்க்கு ஊறு செய்யாத மகிழ்ச்சியைப் பழிக்கும் அறம் வறண்ட அறமே. போரிலும் கடவைச் சோதனைகளிலும் இளமையை இழந்த தலைமுறையின் பிள்ளைகள், தடையின்றித் திறந்து கிடக்கும் வீதியில் தொலைவு போக விழைவதில் நியாயமும் உண்டு. நாம் மறுப்பது அம்மகிழ்ச்சியை அன்று. ஆசைக்குத் தேவை என்று பெயரிடுவதையே மறுக்கிறோம். 'எனக்கு இது பிடித்திருக்கிறது' என்று சொல்பவன் தன் ஆசையின் விலையை அறிவான். அது கைமீறும்போது நிறுத்தவும் அறிவான். 'இது எனக்கு வேண்டியிருக்கிறது' என்று தன்னையே நம்பவைத்தவனுக்கோ நிறுத்துமிடம் புலப்படாது. நாளை இதனினும் பெரியதொன்று தேவையாகிவிடும்.

ஆகவே பந்தய வண்டியிலிருந்து பயண வண்டிக்கு மாறுதல் தன்னளவில் முதிர்ச்சியுமன்று, வீழ்ச்சியுமன்று. மாறுபவன் ஏற்றிச்செல்லும் உப்பு எது என்பதே கேட்கப்பட வேண்டியது. கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் அப்பால் மண்வீதிக் கிராமங்களுக்கு நாள்தோறும் செல்லும் ஆசிரியனுக்கும் குடும்பநல உத்தியோகத்தனுக்கும் அவ்வண்டி சேம அச்சாகலாம். திருகோணமலைக்குப் போய்வருவதன்றி வேறு வழியறியாதவனுக்கு அது மயிற்பீலியாகலாம். அவன் அதனைப் பீலியென்றே அறிந்து, அச்சின் வலிமையையும் அறிந்து ஏற்றுவானாயின், குறை சொல்ல நமக்கு உரிமையில்லை.