மூன்று மாதத்துக்கு முந்தைய செய்தி

தலை வாரி முடித்ததும் சீப்பில் சிக்கியிருக்கும் முடிகளில் ஒன்றை உருவி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி ஒன்று தெரியும். "ஐயோ, வேரோட வருதே" என்று பல வீடுகளில் கவலை தொடங்குவது அந்தப் புள்ளியில்தான். உண்மையில் அது வேர் அல்ல. வளர்ந்து முடித்து, ஓய்வுக்குப் போய்விட்ட முடியின் அடிமுனை. முடியை உண்டாக்கும் வேர்ப்பை தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. பெரும்பாலும் அந்த இடத்தில் அடுத்த முடி முளைக்கவும் தொடங்கியிருக்கும்.

நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள். தாயின் வயிற்றில் இருக்கும்போதே அத்தனைக்கும் வேர்ப்பைகள் உருவாகிவிடுகின்றன; பிறந்த பிறகு புதிதாக எதுவும் சேர்வதில்லை. ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை, மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வீதம் வளர்கிறது. பிறகு இரண்டு மூன்று வாரங்களில் அதன் அடிப்பகுதி சுருங்கி வளர்ச்சி நின்றுவிடும். அடுத்து, கிட்டத்தட்ட மூன்று மாதம் ஓய்வு. ஓய்வு முடிந்ததும் உதிர்ந்துவிடும். எந்த நேரத்தில் பார்த்தாலும் பத்தில் ஒரு பங்கு முடி இப்படி ஓய்வில் இருக்கும். ஒரு லட்சத்தில் பத்தாயிரம். நூறு நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு நூறு. ஒரு நாளில் 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்புதான் என்று தோல் மருத்துவர்கள் சொல்வது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. வாரம் ஒருமுறை தலைக்குக் குளிப்பவர்களுக்கு, அந்த வாரம் முழுக்கத் தளர்ந்து நின்ற முடி அன்றைக்கே சேர்ந்து வரும். குளியலறைச் சல்லடையில் சுருண்டு கிடக்கும் கற்றையைப் பார்த்து ஷாம்பூவைத் திட்டுகிறோம். எப்படியும் விழவிருந்த முடியைத்தான் அது கழுவி இறக்கியிருக்கிறது.

நம் பாட்டிமார்கள் இந்த முடியைத் தூக்கி எறிய மாட்டார்கள். விரலில் சுற்றிச் சின்ன உருண்டையாக்கி, ஓலைக்கூரை இடுக்கிலோ சுவர் மாடத்திலோ செருகி வைப்பார்கள். சிக்கு முடி வாங்க வருகிறவர் அதை எடுத்துக்கொண்டு ஊசி, ஊக்கு என்று எதையாவது கொடுத்துவிட்டுப் போவார். தினமும் விழும், தினமும் சேரும். அதில் பயப்பட ஒன்றுமில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கவலைப்பட வேண்டிய உதிர்வும் உண்டு. கைவைத்தால் கைநிறைய வரும். தலையணையிலும் தரையிலும் சோற்றிலும் கிடக்கும். ஒரு கைப்பிடிச் சடை சில வாரங்களில் பாதியாக மெலியும். அப்போது நாம் நேற்றையும் இன்றையும் தேடுகிறோம்: புதுச் சோப்பு, புது ஊர்த் தண்ணீர், போன வாரம் போட்ட மருதாணி. தேட வேண்டிய இடம் வேறு. உடலுக்குப் பெரிய அதிர்ச்சி ஒன்று நேரும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகள் பெருங்கூட்டமாக ஓய்வு நிலைக்குப் போய்விடுகின்றன. ஓய்வுக்குப் போனவை உதிர இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆகவே தை மாதத்தில் கொட்டும் முடிக்குக் காரணம் ஐப்பசியில் இருக்கிறது. டெங்குவோ டைபாய்டோ வந்து போயிருக்கும். அறுவைச் சிகிச்சை நடந்திருக்கும். மெலிய வேண்டும் என்று பட்டினி கிடந்திருப்பார்கள். வீட்டில் ஒரு சாவு விழுந்திருக்கும். 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கொரோனாவிலிருந்து பிழைத்து வந்த எத்தனையோ பேர், எல்லாம் சரியாகிவிட்டது என்று மூச்சுவிட்ட நேரத்தில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுவதைக் கண்டு மிரண்டு போனார்கள். காய்ச்சலை மனிதர்கள் மறந்த பிறகு தலை அதை நினைவுபடுத்தியது. இந்த வகை உதிர்வு, காரணம் நீங்கிவிட்டால், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கிவிடும். முடி திரும்ப முளைக்கும்.

குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று ஊரில் சொல்வார்கள். குழந்தையின் பார்வையில் குற்றம் இல்லை. ஆனால் அந்தப் பேச்சில் காலக்கணக்கு சரியாக இருக்கிறது. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் மிகுந்து இருப்பதால், உதிர வேண்டிய முடிகள் உதிராமல் நின்றுவிடுகின்றன. அந்த மாதங்களில் சடை அடர்ந்து தெரிவது அதனால்தான். பிரசவமானதும் ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது. நின்றிருந்த முடிகளெல்லாம் ஒன்றாக ஓய்வுக்குப் போய், மூன்றாம் மாதம் வாக்கில் ஒன்றாகக் கொட்டுகின்றன. பிள்ளை முகம் பார்ப்பதும் அந்த மாதத்தில்தான். பாட்டிகள் கண்ணால் கண்டதைச் சரியாகத்தான் கண்டிருக்கிறார்கள்.

எல்லா உதிர்வும் இப்படித் திரும்பி வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆண்களுக்கு நெற்றி ஏறுவதும் உச்சி தெரிவதும் பெரும்பாலும் பரம்பரையும் ஆண் ஹார்மோனும் சேர்ந்து செய்யும் வேலை. வேர்ப்பை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்து, கடைசியில் பூனைமுடி அளவுக்கு மெல்லிய இழையைத்தான் தருகிறது. ஆண் ஹார்மோனுக்கும் வழுக்கைக்கும் உள்ள தொடர்பை 1942-இலேயே ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் நிறுவிவிட்டார். இன்றும் நம் இளைஞர்கள் ஹெல்மெட்டையும் போர்த் தண்ணீரையும்தான் குற்றம் சாட்டுகிறார்கள். மினாக்ஸிடில் போன்ற மருந்துகள் பலருக்குப் பலன் தருகின்றன. நிறுத்தினால் அந்தப் பலனும் நின்றுவிடும். பெண்களுக்கு வகிடு அகன்றுகொண்டே போவதும் பெரும்பாலும் இந்த இனம்தான். வட்ட வட்டமாக வழுவழுவென்று கழன்று விழும் புழுவெட்டில் எந்தப் புழுவும் இல்லை. உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே வேர்ப்பையைத் தாக்குகின்றன. பள்ளிக்குப் போகும் சிறுமிகளுக்கு இறுக்கி இறுக்கிப் பின்னும் இரட்டைச் சடை, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால், நெற்றியோரத்து முடியை நிரந்தரமாகவே பறித்துவிடும். இது முழுக்க நம் கையில் இருக்கிற காரணம். கொஞ்சம் தளர்த்திப் பின்னினால் போதும்.

நான் நின்று யோசிக்க விரும்புவது இன்னொரு காரணத்தைப் பற்றி.

முடியின் வேரில் இருக்கும் அணுக்கள் உடலிலேயே மிக வேகமாகப் பிரிந்து பெருகுபவற்றுள் அடங்கும். அவற்றுக்குப் புரதம் வேண்டும், இரும்புச்சத்து வேண்டும், ஓயாமல் சக்தி வேண்டும். ஆனால் முடி இல்லாமல் எவரும் சாவதில்லை. இது உடலுக்குத் தெரியும். இருப்பு குறையும்போது இதயத்துக்கும் மூளைக்கும் கொடுத்துவிட்டு, முடிக்குப் போகும் பங்கில் கைவைக்கிறது. நம் வீடுகளில் சோறு குறைந்த இரவுகளில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கணவனுக்குப் போடுவாள், பிள்ளைகளுக்குப் போடுவாள், மாமியாருக்குப் போடுவாள். கடைசியில் சட்டியில் ஒட்டியிருப்பதைக் குழம்போடு வழித்துக்கொண்டு "எனக்குப் பசியே இல்ல" என்பாள். வீட்டில் அவளுக்கு என்ன இடமோ, உடலில் முடிக்கு அந்த இடம். அந்த அவளுக்குத்தான் முடி கொட்டுகிறது.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். மீன் துண்டும் முட்டையும் யார் தட்டில் முதலில் விழுகின்றன என்பதோடு, மாதவிலக்கில் அளவுக்கு மீறிப் போகும் ரத்தமும் இந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறது. பத்து நாள் போகிறது என்பதை அவள் யாரிடமும் சொல்வதில்லை. மூச்சு வாங்குவதையும், மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடப்பதையும் சொல்வதில்லை. அவை பெண்ணாய்ப் பிறந்ததற்கு உள்ளவை என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முடி கொட்டுவதை மட்டும் சொல்கிறாள். வெட்கப்படாமல் சொல்லக்கூடிய ஒரே நோய் அவளுக்கு அதுதான்.

"முடி ரொம்பக் கொட்டுதும்மா" என்று கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து மகள் தொலைபேசியில் சொல்கிறாள். "தண்ணி ஒத்துக்கல போல. எண்ணெய் காய்ச்சி அனுப்புறேன்" என்கிறாள் தாய். அன்று மாலையே கறிவேப்பிலையும் செம்பருத்தியும் கரிசலாங்கண்ணியும் தேங்காய் எண்ணெயில் கொதிக்கின்றன. அந்த அன்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊறி, குளிக்கையில் புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்பது ஆய்வில் கண்ட உண்மை. முடி உடையாமல் இருக்க அது உதவும். ஆனால் ரத்தத்தில் இல்லாத இரும்பை எந்த எண்ணெயும் தலைவழியாக உள்ளே செலுத்தாது. தைராய்டு குறைந்திருந்தால் அதையும் சரிசெய்யாது. கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் பயோட்டின் மாத்திரையும் அப்படித்தான். உண்மையான பயோட்டின் குறைபாடு அரிது. அதிக அளவில் எடுத்துக்கொண்டால் தைராய்டு பரிசோதனையின் முடிவையே அது தவறாகக் காட்டிவிடக்கூடும் என்பதால், ரத்தம் கொடுக்கும் முன் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

முடிக்காக ஒரு வீடு செலவிடும் பணத்தையும் கவலையையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அவள் தலையைப் பார்க்கிறோம், அவளைப் பார்ப்பதில்லை. உதிரும் முடி அவள் உடல் மூன்று மாதமாக எதைக் கொடுத்து எதைக் காப்பாற்றியது என்பதன் கணக்கு. அதைப் படிக்கத் தெரிந்தால், ஒரு பெண் வாய்விட்டுச் சொல்லாத பல விஷயங்கள் அதில் எழுதியிருக்கின்றன.

எனவே வீட்டில் ஒருத்தி முடி கொட்டுகிறது என்று சொன்னால், எண்ணெயின் பெயரைச் சொல்வதற்கு முன் சில கேள்விகள் கேளுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு முன் காய்ச்சலில் படுத்தாயா? தூரம் எத்தனை நாள் போகிறது? காலையில் என்ன சாப்பிடுகிறாய், எத்தனை மணிக்கு? சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிறாயா? (டீ, உணவிலிருக்கும் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும்.) மனதில் என்ன பாரம்? பதிலை முழுவதும் கேட்டுவிட்டு, மறுநாள் காலை அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். அங்கே ஹீமோகுளோபின் பார்க்கக் காசு கேட்க மாட்டார்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு அது 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அப்படி இருந்தால் மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையை அவர் சொல்லும் காலம் வரை அவள் விடாமல் எடுத்துக்கொள்ளும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அன்று இரவு அவளை உட்காரவைத்து, முதல் தட்டை அவளுக்குப் போடுங்கள்.